எரிமலை விளிம்பில் ஒரு தாம்பூலப் பை

பயணம் என்று வந்துவிட்டால் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆள் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். விமான நிலையத்தில் அவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு கை எப்போதும் வயிற்றின் மேல் இருக்கும். வயிற்று வலி இல்லை, சட்டைக்குள் பை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து எண்ணுவார், மூடுவார், மூடியது சரிதானா என்று மறுபடி திறப்பார்.

எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான். இப்போது இல்லை. பதவி பறிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். (என் மனைவி ராஜி இதைப் பத்திரிகைக்கு அனுப்பவே கூடாது என்கிறாள். ஆனால் ஊரில் அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை.)

பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது ஒருமுறை எண்ண வேண்டும், லாரியில் ஏறும்போது இன்னொரு முறை எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது, எண்ணுவதிலிருந்து கிடைக்கவில்லை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோறு வாங்கப் போனால்கூட வரிசையில் எத்தனை தலை, பாத்திரத்தில் எத்தனை மீன் துண்டு என்று எண்ணிப் பார்த்து, தலை அதிகமாக இருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன்.

என் மகள் மாலதிக்கு இந்தக் குணம் இல்லை. அவளுக்கு மலை ஏறும் குணம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பினாங்குக் கொடிமலையில் இருப்பாள். ரயில் போகும் மலைக்கு நடந்து போகும் அறிவு அவளுக்கு யாரிடமிருந்து வந்ததோ தெரியவில்லை. அங்கேதான் ஜெரால்டைச் சந்தித்தாள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நல்ல பையன். 'அங்கிள், அங்கிள்' என்று பணிவாகப் பேசுவான். கத்தோலிக்கக் குடும்பம். அதில் எனக்கும் ராஜிக்கும் ஆட்சேபம் இல்லை. (ராஜிக்கு ஒரு வாரம் இருந்தது. பிறகு அவன் அவளுடைய ஹேண்ட்போனைப் பழுதுபார்த்துக் கொடுத்தான், போய்விட்டது.)

சிக்கல், பையனுடைய அப்பா. பெயர் சவரிமுத்து. மனைவியை இழந்தவர். அரசு மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது இளையவர், ஆனால் பார்த்தால் என் தம்பியின் தம்பி மாதிரி இருப்பார். பெண் பார்க்கும் சம்பிரதாயமாக வீட்டுக்கு வந்தவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மொத்தம் இரண்டே வாக்கியம் பேசினார். முதலாவது, ராஜி கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "தே நல்லா இருக்கு." கல்யாணத் தேதியைப் பற்றி நான் கேட்டபோது இரண்டாவது, "பார்க்கலாம்."

அவர் கார் தெருமுனை திரும்பியதும் ராஜி கேட்டாள்: "என்னாங்க, பார்க்கலாம்னா சரின்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?"

"பார்க்கலாம்னுதான் அர்த்தம்."

"இதுக்கு ஒரு கிராணி வேணுமா!"

மாதங்கள் போயின. அவர் 'பார்க்கலாம்' என்ற இடத்திலேயே நின்றார். அப்பா வாய் திறந்து சரி என்று சொல்லாமல் ஜெரால்ட் தாலி கட்ட மாட்டான். மாலதியும் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவள் முகம் வாடுவது எனக்குத் தெரியாதா? கடைசியில் பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். நாங்கள் ஐந்து பேரும் ஜாவாவுக்குப் போவது, எரிமலைகளைச் சுற்றி நான்கு நாள் நடப்பது. "மலையில ஒண்ணா நடந்தா எல்லாரும் பேசிடுவாங்கப்பா" என்றாள் மாலதி. பேசுவதற்கு எதற்கு எரிமலை, பக்கத்துப் பூங்காவில் பெஞ்சு இல்லையா என்று நான் கேட்டேன். அதற்குள் அவள் ஹேண்ட்போனில் ஒரு படத்தை எடுத்து அம்மாவிடம் காட்டிவிட்டாள். புரோமோ என்ற எரிமலையின் வாய் விளிம்பில், புகைக்கு முன்னால், ஒரு பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மேல் விவாதம் எதுவும் நடக்கவில்லை. "அந்தப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சா மாலதி கல்யாணம் நடந்துடும்" என்று ராஜி தீர்மானித்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முன் மாலதி என்னைத் தனியே அழைத்துப் போனாள். "ப்பா, ஒரே ஒரு உதவி. அவர் முன்னால எண்ணாதீங்க."

"எதை?"

"எதையும்."

சரி என்றேன். விமான நிலையத்திலேயே ஐந்து பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். சவரிமுத்து தன்னுடையதைக் கொடுப்பதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தார். நோயாளிக்கு ஊசி போடும் முன் பார்க்கும் பார்வை. பிறகு கொடுத்துவிட்டார்.

ஜாவாவில் முதல் நாள், மலைகளைச் சுற்றியிருக்கும் மேட்டு விளிம்பில் நடந்தோம். கீழே சாம்பல் நிறத்தில் மணல் வெளி, கடல் வற்றிப்போன மாதிரி. அதன் நடுவில் மலைகள். புரோமோ ஓயாமல் புகைத்துக்கொண்டிருந்தது. தொலைவில் செமேரு என்ற பெரிய மலை அவ்வப்போது 'புஃப்' என்று ஒரு உருண்டைப் புகையை விட்டது. ஜெரால்டும் மாலதியும் ஒவ்வொரு தடவையும் "வாவ்" என்றார்கள். நான் இரண்டு புகைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கைக்கடிகாரத்தில் பார்த்தேன். (வாய்விட்டு எண்ணவில்லை. வாக்கு வாக்குதான்.) இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது என்று எனக்குப் பட்டது. வழிகாட்டி யோனோவிடம் சொன்னேன்.

"பாக், அது தினமும் அப்படித்தான்" என்றான் அவன் சிரித்துக்கொண்டு. (பாக் என்றால் ஐயா.) மலாய் தெரிந்தவனுக்கு இந்தோனேசியாவில் பேச்சுக்குக் குறைவில்லை. கவலைப்படத்தான் கூட ஆள் கிடைக்காது.

அங்கே தெரிந்த மலைகளில் எனக்குப் பிடித்தது பாத்தோக். புரோமோவின் பக்கத்திலேயே, பச்சைப் பாவாடை கட்டிய மாதிரி மடிப்பு மடிப்பாக நிற்கும். அணைந்துபோன மலை. புகை கிடையாது, சத்தம் கிடையாது. "இதுல ஏறலாமே, நல்ல பிள்ளையா இருக்கு" என்றேன். யாரும் கேட்கவில்லை. சவரிமுத்து மட்டும் திரும்பிப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் எங்களுக்கு ஐம்பது அடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். பேசத்தான் வந்தோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் விடுதியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. என் வாழ்க்கையிலேயே மோசமான யோசனை; வந்தபோது அறிவாளித்தனமாகத்தான் இருந்தது.

நாளை புரோமோவில் கூட்டம் இருக்கும். கூட்டம் இருந்தால் ஜேப்படி இருக்கும். ஜேப்படிக்காரன் கிழவனைப் பார்த்தால் முதலில் எங்கே பார்ப்பான்? வயிற்றில். அங்கே பை இருப்பது உலகத்துக்கே தெரியும். ஆனால் மஞ்சள் துணித் தாம்பூலப் பையைத் திருடுகிற திருடன் இன்னும் பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பைகளுக்குப் பஞ்சமே கிடையாது. நிபோங் திபாலில் ஒரு கல்யாணத்துக்குப் போய், விருந்தாளிக்கு ஒன்று என்று கொடுத்ததில் ராஜி ஒரு கட்டே கொண்டுவந்தாள். பையில் மணமக்கள் பெயரும் ஒரு ஜோடி மயிலும் இருக்கும். அந்த மணமக்கள் யாரென்று எங்களுக்கே மறந்துவிட்டது. பை மட்டும் தேயாமல் உழைத்துக்கொண்டிருக்கிறது. பயணத்தில் துணி, மருந்து, செருப்பு எல்லாம் எங்களுக்கு அந்த மயில் பையில்தான்.

ஆக, ஐந்து பாஸ்போர்ட்டையும் ஒரு துண்டில் சுற்றி, ஒரு மயில் பைக்குள் வைத்தேன். பாதுகாப்புக் காரணமாக யாரிடமும் சொல்லவில்லை.

அதே நேரத்தில் அடுத்த அறையில் மாலதியோடு தங்கியிருந்த ராஜி, வரும் வழியில் ஊர்ச் சந்தையில் வாங்கிய தேங்காய், வாழைப்பழம், பூ, கற்பூரம் எல்லாவற்றையும் இன்னொரு மயில் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஜீப்பில் மணல் வெளியில் இறங்கினோம். அடிவாரம் வரைக்கும் ராஜி குதிரையில் போனாள். குதிரைக்காரர் அவளிடம் "மலேசியாவா?" என்று கேட்டதற்கு, மாலதியின் படிப்பு, உத்தியோகம், ஜெரால்டின் நல்ல குணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பின்னால் நடந்துகொண்டிருந்த சவரிமுத்துவுக்குக் கேட்கட்டும் என்றுதான். குதிரைகூடத் தலையாட்டியது. அவர் ஆட்டவில்லை.

பிறகு படிக்கட்டு. செங்குத்தாக மேலே போனது. நான் பழக்கதோஷத்தில் மனசுக்குள் எண்ணத் தொடங்கினேன். பாதியில் கந்தகப் புகை வந்து மூக்கைப் பிடித்து உலுக்கியது, எண்ணிக்கை போயிற்று. மறுபடி கீழே போய் முதலிலிருந்து எண்ணலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மேலே போனால் நிற்க இடமில்லை. இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் எரிமலையின் தொண்டை. உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ கொதித்து, கூட்டமாக நூறு விமானம் கிளம்புகிற மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளையார் மட்டும் ஒரு பதற்றமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

தேங்காய் உடைப்பது ஆண்பிள்ளை வேலை என்று ராஜி என்னிடம் கொடுத்தாள். பினாங்கில் தைப்பூசத்துக்கு மூட்டை மூட்டையாக உடைக்கிற ஊர்க்காரன் நான். ஆனால் அங்கே தார்ச்சாலை, ஓங்கி அடிக்கலாம். இங்கே ஓங்கினால் தேங்காயோடு நானும் போய்விடுவேன். மெதுவாக ஒரு தட்டு தட்டினேன். தேங்காய் சும்மா இருந்தது. இன்னொரு தட்டு. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடிக்கத் தொடங்கினார்கள்.

"குடுங்கண்ணே" என்று ஒரு குரல்.

சவரிமுத்து. தேங்காயை வாங்கி, ஒருமுறை சுழற்றிப் பார்த்து, கல்லில் ஒரே அடி. சரிபாதியாகப் பிளந்தது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி ஆட, இரண்டு மூடியையும் பிள்ளையார் முன்னால் வைத்துவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி தள்ளி நின்றுகொண்டார்.

ராஜிக்குக் கண் கலங்கிவிட்டது. "பார்த்தீங்களா? அவர் கையாலயே உடைஞ்சிருக்கு. இனி கல்யாணம்தான்."

மிச்சப் பூவையும் பழத்தையும் என்ன செய்வது என்று கேட்டபோது யோனோ சொன்னான்: இந்த ஊர்க்காரர்களும் இந்துக்கள்தான், திருவிழாவில் அவர்கள் காய்கறி, கோழி எல்லாவற்றையும் மலைக்குள்ளேயே எறிந்து காணிக்கை செலுத்துவார்கள்.

ராஜி கற்பூரத்தைக் காற்றிலிருந்து காப்பாற்ற இரண்டு கையையும் குவித்துக்கொண்டிருந்தாள். தன் பையையும் என்னிடம்தான் கொடுத்திருந்தாள். "அந்தப் பையை அப்படியே சாமிக்குப் போட்டுடுங்க" என்றாள். அந்த நேரம் பார்த்துப் புகை எங்கள் பக்கம் திரும்பியது. கண்ணில் நீர், கண்ணாடியில் ஆவி, முகமூடிக்குள் இருமல். ஒரு கையில் ஒரு மயில், மறு கையில் ஒரு மயில். தேங்காய் போய்விட்டதால் இரண்டும் ஏறக்குறைய ஒரே கனம்.

வலது கையால் கொடுப்பதுதானே மரியாதை? வலது கையில் இருந்ததை, 'விநாயகா, என் பெண்ணுக்கு ஒரு வழி பண்ணு' என்று மனசார வேண்டிக்கொண்டு, வீசினேன். தேங்காயில் காட்டாத வீரத்தை அதில் காட்டினேன். நல்ல வீச்சு. ஜெரால்ட்கூடக் கை தட்டினான்.

கீழே இறங்கி, மணல் வெளியில் எல்லோரும் தே குடிக்க உட்கார்ந்தோம். யாரும் பார்க்காத சமயம், பைக்குள் கையை விட்டு, துண்டு அவிழ்ந்திருக்கும் என்று நினைத்து, பார்க்காமலேயே விரலால் எண்ணினேன். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது.

துறைமுகத்தில் சரக்கு கூடுதலாக வந்தால் அதுவும் தலைவலிதான். மறுபடி எண்ணினேன். ஆறு. அதிலும் வழவழவென்று, கொஞ்சம் வளைந்து... வெளியே எடுத்துப் பார்த்தேன். வாழைப்பழம்.

அப்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. முதலில் கவனித்தது சவரிமுத்துதான். எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "அண்ணே, நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. மேல ஒண்ணு மறந்துட்டேன். போய்ட்டு வந்துடறேன்."

"இந்த நாடியோட தனியா போக முடியாது. வாங்க, நானும் வர்றேன்."

வேண்டாம் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. மாலதி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு அப்பாக்களும் தாங்களாகவே சேர்ந்து நடக்கிறார்கள் என்று அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். அதைப் பார்க்காமல் நான் படிக்கட்டை நோக்கி நடந்தேன்.

மறுபடி அத்தனை படியும். மேலே போய்ச் சேர்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் கீழே, ஒரு பாறைத் திட்டில், மஞ்சளாக அது உட்கார்ந்திருந்தது. மயில்கூடத் தெரிந்தது. பூ விற்றுக்கொண்டிருந்தவரிடம், யாராவது இறங்கி எடுக்க முடியுமா என்று மலாயில் கேட்டேன். இன்றைக்குப் புகை விஷம், எவனும் இறங்க மாட்டான் என்று அவர் கையை விரித்தார்.

"அதுல என்னா இருக்கு அண்ணே?" என்றார் சவரிமுத்து.

இனி மறைத்துப் பயனில்லை. "பாஸ்போர்ட்டு."

"உங்களுதா?"

"எல்லாருதும்."

அவர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி, பை ஒரு பக்கம் மெதுவாகச் சாய்ந்தது. பிறகு சரளைக் கற்களோடு சேர்ந்து நழுவி, புகைக்குள் போய்விட்டது. ஐந்து மலேசியக் குடிமக்கள், ஒரு துண்டு.

என் மகளின் கல்யாணத்தை என் வலது கையாலேயே உள்ளே எறிந்துவிட்டேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. எந்த அப்பா இப்படி ஒரு வீட்டில் சம்பந்தம் செய்வான்? நானாக இருந்தால் செய்ய மாட்டேன். "மிஸ்டர் சவரி, மன்னிச்சிடுங்க. இப்ப என்னா செய்யறது?" என்றேன்.

அவர் புகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பார்க்கலாம்."

கீழே வந்து விஷயத்தைச் சொன்னதும் மாலதி அழவில்லை, திட்டவில்லை. "எண்ணாதீங்கன்னு மட்டும்தானேப்பா சொன்னேன்" என்றாள். அதைவிடத் திட்டியிருக்கலாம். ராஜி என்னிடம் பேசவில்லை. பிள்ளையாரிடம் நேரடியாகப் பேசினாள். "அவருக்குத்தான் கண்ணு தெரியல, உனக்குமா தெரியல?" ஜெரால்ட், பாவம், "பரவால்ல அங்கிள்" என்று இடைவெளி விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். சவரிமுத்து ஜீப்பில் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஊர் திரும்ப, பாஸ்போர்ட்டுக்கு மாற்றுப் பத்திரம் வாங்க வேண்டுமானால் முதலில் போலீஸ் புகார் வேண்டும். கணினி முன்னால் ஓர் இளம் அதிகாரி இருந்தார்.

"திருட்டா, தொலைந்ததா?"

"இரண்டும் இல்லை" என்றேன்.

"பிறகு?"

"காணிக்கை" என்றான் யோனோ பணிவாக.

அதிகாரி தட்டுவதை நிறுத்தினார். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் முதலிலிருந்து சொன்னேன். "கோழி போடுவார்கள், பார்த்திருக்கிறேன். ஆடுகூட" என்றார் மூத்தவர் மரியாதையாக. "பாஸ்போர்ட் போட்டு நான் பார்த்ததில்லை. பெரிய வேண்டுதலா, பாக்?"

"மகள் கல்யாணம்" என்றாள் ராஜி குறுக்கே புகுந்து.

எல்லோரும் 'ஓ' என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கு இப்போது விஷயம் முழுதாகப் புரிந்துவிட்டது. இளம் அதிகாரி மறுபடி தட்டத் தொடங்கினார். ஒவ்வொருவர் பெயராகக் கேட்டு, யார் யாருக்கு என்ன உறவு என்றும் கேட்டார். ராஜி, மனைவி. மாலதி, மகள். ஜெரால்டிடம் வந்தபோது மாலதி தரையைப் பார்த்தாள். அதிகாரி அவனைத் தாண்டி சவரிமுத்துவைப் பார்த்தார்.

"நீங்கள் இவருக்கு என்ன உறவு?"

அவர் 'ஒன்றுமில்லை' என்று சொன்னால் அது உண்மைதான். 'பார்க்கலாம்' என்று சொன்னாலும் சொல்வார். நான் கூரையிலிருந்த பல்லிகளை எண்ணினேன். மூன்று.

"பெசான்" என்றார் சவரிமுத்து.

மலாயில் அதற்குச் சம்பந்தி என்று அர்த்தம்.

ராஜி அங்கேயே, போலீஸ் நிலையத்தில், வடக்குப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். (மலை தெற்கே இருந்தது. பரவாயில்லை.) ஜெரால்ட் தன் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். மாலதி அப்போதுதான் அழுதாள்.

வெளியே வந்ததும் நான் அவரைக் கேட்டேவிட்டேன். "இத்தனை மாசம் பார்க்கலாம்னுட்டு இன்னிக்கு எப்படி?"

"சொல்லத்தான் நெனச்சிட்டு இருந்தேன். அவன் அம்மா இருந்திருந்தா இதெல்லாம் அவங்கதான் பேசியிருப்பாங்க. எனக்கு எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல" என்றார் அவர். கொஞ்ச தூரம் நடந்தோம். அப்போது அவர் உடம்பு குலுங்குவதைக் கவனித்தேன். நெஞ்சு வலியோ என்று பயந்து இந்த முறை நான் அவர் நாடியைப் பிடித்தேன். சிரிப்பு. அந்த மனிதர் நின்று, ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தார். "அதோட, என் பேரு, படம், பொறந்த தேதி எல்லாத்தையும் உங்க சாமிகிட்ட அனுப்பிட்டீங்க அண்ணே. இனிமே நான் மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

பத்திரம் கிடைக்கும் வரைக்கும் ஒரே விடுதியில் ஐந்து பேரும் மாட்டிக்கொண்டு கிடந்தோம். மாலதி சொன்னது சரிதான். எல்லோரும் பேசினார்கள். சவரிமுத்து பேசத் தொடங்கினால் நிறுத்த மாட்டார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் காலையில் தேவாலயத்திலும் மாலையில் கோயிலிலும் நடந்தது. இப்போது எனக்கு ஒரு பேத்தி. பயணம் போனால் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அவரவரிடம். என்னுடையது மட்டும் ராஜியிடம். குடிநுழைவு முகப்பு வரும்போதுதான் கையில் கொடுப்பாள், முத்திரை விழுந்ததும் வாங்கிக்கொள்வாள்.

ஜாவாவில் எரிமலை சாம்பல் கக்குகிறது என்று தொலைக்காட்சியில் செய்தி வரும் நாளெல்லாம் எங்கள் வீட்டு போன் அடிக்கும். எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். எந்த மலை, எந்த ஊர் என்று சவரிமுத்து பார்ப்பதே இல்லை.

"சம்பந்தி, செய்தி பார்த்தீங்களா? நம்ம பாஸ்போர்ட்டு இன்னும் செரிக்கல லா!"